தேனீக்காரர் கேரவனில் கக்கூஸ் வைத்த கதை

எங்கள் தொழிலில் ஓய்வு என்று யாரும் மாலை போட்டு அனுப்புவதில்லை. உடம்பு ஒரு நாள் வர மாட்டேன் என்று சொல்லும். மறுநாளும் அதையே சொல்லும். பிறகு நாமும் போவதை நிறுத்திவிடுவோம். எனக்கு ஐம்பது வயது தாண்டியதும் அப்படி நின்றது. இப்போது திண்டுக்கல் பேகம்பூரில் வீட்டோடு இருக்கிறேன். கொஞ்ச நேரம் படுக்கிறேன், கொஞ்ச நேரம் உட்காருகிறேன். இரண்டுமே அலுப்பாகத்தான் இருக்கிறது.

பஸ்களுக்கும் வேன்களுக்கும் உள்ளே சீட்டுக்கு மெத்தை தைத்து, சுவருக்கும் கூரைக்கும் ரெக்சின் உறை போடுவது என் வேலை. குஷன் வேலை என்பார்கள். என்னோடு வேலை பார்த்த கவிதா இப்போது வேறொரு இடத்தில் இருக்கிறாள். வேன்களைக் கேரவனாக மாற்றித் தருகிற இடம் அது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே வைக்கிறார்கள். போன மாதம் ஃபோன் செய்தாள்.

"அக்கா, இங்க எல்லாம் கம்ப்யூட்டர்ல படம் போட்டுத்தான் செய்யிறாங்க. கட்டிலுக்கும் அடுப்புக்கும் மணிக்கணக்காப் பேசுறாங்க. பாத்ரூம்னு வந்ததும் 'அது எங்கயாச்சும் இருக்கட்டும்'னு விட்டுர்றாங்க. அந்தத் தேனீக்காரர் வண்டியில நீங்க எப்புடிச் செஞ்சீங்க?"

எனக்கு ஃபோனில் நீளமாகப் பேச வராது. நேரிலும் வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் இது.

என் அத்தா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். பத்தாவதோடு படிப்பு நின்றதும் நான் வீட்டில் உட்கார்ந்து தோல் கையுறை தைத்தேன். பிறகு ரெக்சின் தைக்கப் பெண்கள் வேண்டும் என்று ஒரு பஸ் பாடி கட்டும் ஷெட்டில் கேட்டார்கள், போய்ச் சேர்ந்தேன். வேலை பழகியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊசி விரலில் ஏறியது, பசை வாசனையில் தலை வலித்தது. கொஞ்ச காலத்தில் இரண்டும் உறைக்காமல் போனது.

எங்களுக்கு மேலே இருந்தவர் சேவியர் அண்ணன். போர்மேன். அவர் ஆட்களைத் திட்ட மாட்டார், பொருளைத்தான் திட்டுவார். நான் தைத்த சீட்டு கோணலாக இருந்தால் என் பக்கம் திரும்பவே மாட்டார். சீட்டுக்கு முன்னால் குனிந்து கையைக் கட்டிக்கொள்வார்.

"ஏப்பா சீட்டு, நேத்து வரைக்கும் ஒழுங்காத்தானே இருந்த? யாரு கூடச் சேந்து தண்ணியப் போட்ட? இப்புடிச் சாஞ்சு நிக்குறியே."

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நான் தலை நிமிராமல் சீட்டை எடுத்துப் பிரித்து மறுபடியும் தைப்பேன். நேருக்கு நேர் திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் நின்றிருப்பேன்.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. வண்டிக்கு உள்வேலை தொடங்குமுன் ஷெட்டின் சிமெண்டுத் தரையைக் கழுவச் சொல்லி, அது காய்ந்ததும் அந்த வண்டியை முழு அளவில் சாக்பீஸால் வரைவார். கதவு எங்கே, ஜன்னல் எங்கே, சக்கரம் எங்கே எல்லாம் கோடுதான். பிறகு வண்டிக்காரரை அதற்குள் நடக்கச் சொல்வார். "கோட்டை மிதிக்காதீக. கோடுதான் செவரு." கோட்டுக்குள் உட்கார வேண்டும், எழ வேண்டும், கையை நீட்ட வேண்டும். முட்டி எங்கே இடிக்கும் என்று அதில் தெரிந்துவிடும். காகிதத்தில் போட்ட அளவை அவர் நம்பியதே இல்லை. "காயிதத்துக்கு முட்டி இருக்கா?" என்பார்.

இனி அந்தக் கேரவன்.

அதற்கு இன்ஜின் கிடையாது. ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வண்டி. நடுவில் இரண்டே சக்கரம், முன்னால் நீண்ட ஓர் இரும்பு ஏர்க்கால், அதன் நுனியில் கொக்கி. மூலையெல்லாம் உருண்டையாக, அலுமினியத் தகட்டில் ஒரு பெரிய முட்டை போல இருந்தது. எந்தக் காலத்திலோ வெளிநாட்டுக்காரர் யாரோ கொண்டுவந்து, மலையில் ஓர் எஸ்டேட்டில் விட்டுவிட்டுப் போனதாம். கடைசியில் அதில் கோழி அடைத்திருக்கிறார்கள். எஸ்டேட்டைக் காலி செய்தபோது பழனிச்சாமி என்பவர் அதை வாங்கி இழுத்து வந்தார்.

போர்மேன் கதவைத் திறந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நீ வீடா, வண்டியா, கோழிக்கூடா? மொதல்ல அதைச் சொல்லு."

"வீடுங்கண்ணா" என்றார் பழனிச்சாமி. "எங்க வீடு."

அவர் பழனிப் பக்கம் பாலசமுத்திரத்துக்காரர். தேனீ வளர்ப்பவர். தேனீக்காரருக்கு ஓரிடத்தில் இருக்க முடியாது என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முருங்கை பூக்கும்போது ஒட்டன்சத்திரம் பக்கம், சூரியகாந்திக்கு வேறு ஊர், அப்புறம் குமரிப் பக்கம் ரப்பர்த் தோட்டம். பூ எங்கேயோ பெட்டிகளும் அங்கே. வருஷத்தில் பாதிக்கு மேல் காட்டில் தார்ப்பாய்க் கொட்டகையில்தான். பெட்டி தூக்க இரண்டு ஆட்களும் கூடவே இருப்பார்கள்.

அவர் மனைவி வசந்தா குஜிலியம்பாறைப் பெண். அவர் காட்டுக்குப் போனால் அவள் அண்ணன் வீட்டில் இருக்க வேண்டும்.

"கூட வாடின்னா வர மாட்டேங்கறா" என்று பழனிச்சாமி எல்லார் முன்னாலும் சொன்னார். "ஒரு கக்கூசு, ஒரு தாழ்ப்பாள். அது இருந்தா வருவேங்கறா. கட்டடமா கட்ட முடியுமுங்க, ஊரூருக்கு? அதான் இதைப் புடிச்சேன். முருங்கை பூக்கறதுக்குள்ள வேணுமுங்க."

கூட வந்திருந்த வசந்தா கேரவனின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே பிரித்தெடுக்கப் பல நாள் ஆனது. கூரைத் தகட்டின் இணைப்பு வழியாக மழை இறங்கிப் பலகை எல்லாம் அப்பளம்போல உப்பியிருந்தது. ஓரச் சட்டங்களைக் கரையான் தின்றுவிட்டது. பழைய மெத்தையை நான் பிரித்தபோது எலிக்கூடும் கோழி எச்சமும் ஒன்றாகக் கட்டி தட்டிக் கிடந்தன. எந்தப் பலகையையும் உடைக்காமல் கழற்றி, எண் போட்டு, வெயிலில் வரிசையாக வைத்தோம். அழுகியதுதான் புதுப் பலகைக்கு அளவு. ஃபினாயில் ஊற்றிக் கழுவினோம். கழுவிக் கழுவி என் தோள்பட்டை இறங்கிவிட்டது. வாசனை போகவே இல்லை. புதுப் பிளைவுட் அடித்து, மேலே ரெக்சின் ஒட்டிய பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

அதற்கு முன்னால் சாக்பீஸ் வீடு வரைந்தார் போர்மேன். புருஷனும் பெண்டாட்டியும் அதற்குள் நின்றார்கள்.

"அடுப்பு அக்னி மூலையில இருக்கோணுங்க" என்றார் பழனிச்சாமி.

"வண்டி பழனியப் பாத்து நின்னா ஒரு மூலை, கரூரைப் பாத்து நின்னா வேற மூலை. எது அக்னி மூலைன்னு நீங்களே சொல்லுங்க, அடிச்சுத் தாறேன்."

பழனிச்சாமி செத்த நேரம் யோசித்து, "அடுப்பு எரிஞ்சாப் போதுமுங்க" என்றார்.

வசந்தா கோட்டுக்குள் படுத்து எழுந்தாள். அடுப்புப் பற்ற வைப்பதுபோல் செய்தாள். கையை நீட்டி, தட்டு எடுத்து, உட்கார்ந்து சாப்பிட்டாள். முதலில் வெட்கப்பட்டாள், பிறகு விளையாட்டுபோல ஆகிவிட்டது. "இங்கன வெஞ்சனம் வெட்டுவேன். இங்கன கண்ணாடி" என்றாள். போர்மேன் அவள் சொன்ன இடத்திலெல்லாம் கோடு போட்டார்.

"அப்புறம் அது..." என்று பழனிச்சாமி இழுத்தார்.

"அது பின்னால" என்றார் போர்மேன்.

"ஆமாங்க, பின்னால."

அவ்வளவுதான். வசந்தா அந்தக் கட்டத்துக்குள் நடக்கவில்லை. யாரும் நடக்கச் சொல்லவில்லை. சமைப்பதையும் தூங்குவதையும் நடித்துக் காட்டலாம், அதை எப்படி? எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் அது கொல்லையில்தான். வண்டிக்கும் கொல்லை அதன் வால்தான் என்று எல்லாருக்கும் தானாகவே தோன்றிவிட்டது. பீங்கானும், அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டியும், கீழே கழிவுத் தொட்டியும் கடைக்கோடியில் ஏறின.

வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி, ஜீப்பில் மாட்டி, தாடிக்கொம்பு வரைக்கும் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். நானும் வசந்தாவும் ஷெட் வாசலில் நின்றோம். ஊறுகாய் ஜாடிக்கு ஒரு தட்டு அடித்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் திரும்பி வந்தபோது ஜீப் நடை வேகத்தில் வந்தது. பழனிச்சாமியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கொஞ்சம் வேகம் எடுத்தாப் பாம்பு மாதிரி நெளியுதுங்க. ஜீப்போட மூக்கையே திருப்புதுங்க. லாரி ஒண்ணு எதுக்க வந்துச்சு. செத்தோம்னு நெனச்சேன்."

போர்மேன் குனிந்து கொக்கியைக் கழற்றினார். ஏர்க்கால் அவர் தாடையை உரசிக்கொண்டு மேலே எழும்பியது. கேரவனின் வால் டமாரென்று தரையில் உட்கார்ந்தது, நாய் உட்காருவதுபோல. உள்ளே பாத்திரங்கள் உருண்ட சத்தம் கேட்டது.

அன்று அவர் வண்டியைத் திட்டவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நாம பஸ்சு கட்டுறவங்க" என்றார். "பஸ்சுக்கு முன்னாலயும் சக்கரம், பின்னாலயும் சக்கரம். எதை எங்க வச்சாலும் தாங்கும். இது அப்படி இல்ல, தராசு. ஒரு தட்டுல மட்டும் கல்லை வச்சுட்டோம்."

கனமான பொருளெல்லாம் சக்கரத்துக்கு நேர் மேலே வர வேண்டும். அதாவது கழிப்பறை நடுவில். ஒரு பக்கம் அடுப்பு, மறு பக்கம் உட்கார்ந்து சாப்பிடும் சீட்டு. பழனிச்சாமி உடனே சரி என்றார். உயிர் பிழைத்த மனிதருக்கு அது எங்கே இருந்தால் என்ன?

"அப்ப நான் வரல" என்றாள் வசந்தா.

"ஏன்டி?"

"வரலன்னா வரல. அண்ணன் வீட்லயே இருந்துக்கறேன்."

"சோறாக்கற எடத்துக்குப் பக்கத்துலன்னு பாக்கறயா? நடுவுல பலகை இருக்குதுல்ல? நாத்தம் வராம மேல கொழாய் வெச்சுத் தர்றாங்க. இத்தனையும் ஒனக்காகத்தான பண்ணுனேன்!"

"வரல."

அவர் குரல் ஏறியது. போர்மேன் இன்னொரு கதவு போட்டுத் தருகிறேன் என்றார், திரை போடலாம் என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் போர்மேன் என் மேஜைப் பக்கம் வந்து, ரெக்சினைப் பார்த்துப் பேசினார்.

"சம்சாத்து, நீ செத்தப் பேசிப் பாரேன். எங்க கிட்டச் சொல்ல மாட்டேங்குது."

யாரிடமும் பேசிப் பழக்கமில்லாதவளைப் பேச அனுப்பினார். ஷெட்டுக்குப் பின்னால் பழைய டயர்கள் கிடக்கும் இடத்தில் அவளோடு உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். பிறகு அவளே கேட்டாள்.

"இங்க நீங்க எங்கக்கா போவீக?"

அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"போறதில்ல" என்றேன். "காலையில ஒரு டம்ளர் டீ. அப்புறம் வீட்டுக்குப் போறவரைக்கும் தண்ணி குடிக்கிறதில்ல."

"அம்புட்டு நேரமா?"

"பழகிப்போச்சு."

பழகிப்போனது என்று சொன்னேனே தவிர, உடம்பு பழகவில்லை. அடிக்கடி காய்ச்சல், அடிவயிற்று வலி. பின்னால் சிறுநீரகத்தில் வந்து நின்றபோது டாக்டர் சொன்ன காரணமும் இதுதான். போர்மேன் முதலாளியிடம் பெண்களுக்கு ஒன்று கட்டச் சொல்லிக் கேட்டதாகக் கேள்வி. நான் வேலையை விட்டு நிற்கும் வரைக்கும் கட்டவில்லை.

வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் ஒரு தடவை அவரு கூடப் போய் இருந்தேங்க்கா. பூத்துக் கெடக்குற காட்டுல மறைவு எங்க இருக்கு? இருட்டட்டும் இருட்டட்டும்னு கெடந்தேன். காச்சல் கண்டு திரும்பி வந்துட்டேன். அண்ணன் வீட்ல மதினி வாயால ஒண்ணும் சொல்ல மாட்டா. சோத்தை வச்சுட்டுத் தட்டை நம்ம பக்கம் தள்ளுவா பாருங்க, அந்தச் சத்தம் ஒண்ணு போதும்."

"அப்ப இந்த வண்டியில என்ன?"

அவள் டயரைச் சுரண்டினாள். குரல் மிகவும் இறங்கிவிட்டது.

"பலகைக்கு அங்கிட்டு பெட்டி தூக்குற அந்த ரெண்டு ஆம்பளைகளும் உக்காந்து சாப்புடுவாக. கைக்கெட்டுற தூரம். சத்தம் கேக்கும்லக்கா."

நாற்றத்துக்குக் குழாய் வைக்கலாம், பார்வைக்குக் கதவு வைக்கலாம் என்று ஆண்கள் யோசித்துவிட்டார்கள். இது அவர்கள் காதில் விழாது. வாலில் இருந்தபோது நடுவே படுக்கையும் அடுப்பும் இருந்தன. இப்போது ஒரு பலகைதான்.

கவிதா, நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். இடம் எங்கே என்பதைச் சக்கரம் சொல்லிவிடும். யாருக்காக வைக்கிறோமோ அவர்களைத் தனியாகக் கூட்டிப்போய் உட்கார வைத்து, சும்மா இருக்க வேண்டும். மீதியை அவர்கள் சொல்வார்கள்.

போர்மேனிடம் போய், "அந்த அறைக்கு உள்பக்கம் பூரா குஷன் போடணும்ணே" என்றேன்.

"கக்கூசுக்கா? எதுக்கு?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், டயர்கள் கிடந்த பக்கம் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

"கனம் எம்புட்டு ஏறும்?" என்று மட்டும் கேட்டார்.

முடித்த வேலையைப் பிரிப்பதைப் போல அலுப்பு வேறு இல்லை. நான் ஒட்டிய ரெக்சினை நானே உரித்தேன். பசை விடாமல் சுருண்டு சுருண்டு வந்தது. ஒரு பலகை இருந்த இடத்தில் இரண்டு மெல்லிய பலகை வைத்து, நடுவில் தேங்காய் நார் அடைத்தோம். உள்பக்கம் ஃபோம் ஒட்டி, மேலே தண்ணீர் படாத ரெக்சினைக் கட்டம் கட்டமாகத் தைத்து இழுத்தேன். நிற்க இடமில்லாமல் பீங்கானின் மேல் மூடியைப் போட்டு அதில் மண்டியிட்டுத் தைத்தேன். கழுத்து ஒரு பக்கமாகவே பிடித்துக்கொண்டது. கூரைக்கும் போட்டேன். கதவுக்கும் போட்டேன். வசந்தா தினமும் பஸ் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துத் தந்தாள். வருவாளா மாட்டாளா என்று பழனிச்சாமி அவளைக் கேட்பதை விட்டுவிட்டார். ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கையில் மொட்டு வைத்துவிட்டது என்று மட்டும் போர்மேனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சோதித்துப் பார்த்தோம். ஆண்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, வசந்தாவைச் சாப்பிடும் சீட்டில் உட்கார வைத்தேன். நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, சொம்புத் தண்ணீரைப் பீங்கானில் ஊற்றினேன்.

"கேக்குதுக்கா" என்றாள். அழுதுவிடுவாள்போல இருந்தது.

கதவுக்குக் கீழே இருந்த இடுக்குதான் காரணம். போர்மேனிடம் சொன்னேன். அவர் வந்து கதவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ஏப்பா கதவு, ஊர்க்கதையெல்லாம் வெளிய சொல்லுறியாமே. இரு, ஒன் வாயைத் தைக்கிறேன்."

வசந்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவர் பஸ் கதவுக்குப் போடுகிற ரப்பர்ப் பட்டையைக் கொண்டுவந்து நாலு பக்கமும் ஒட்டினார். பீங்கானுக்கு அடியிலும் ஒரு கனத்த ரப்பர் விரிப்பு கொடுத்தார். தண்ணீர்த் தொட்டியை மறுபடி நிரப்பி, கொக்கியைக் கழற்றிப் பார்த்தார். ஏர்க்கால் எழும்பவில்லை. வண்டி, ஏர்க்காலுக்கு அடியில் கொடுத்த ஜாக்கியின் மேல் சம்மணம் போட்டதுபோல நின்றது.

மறுபடியும் உள்ளே போனேன். கதவைச் சாத்தினால் காது அடைத்ததுபோல இருந்தது. சொம்பை உயரத் தூக்கி, நிதானமாக ஊற்றினேன். இன்னொரு சொம்பு எடுத்து வேகமாக ஊற்றினேன். வெளியே சத்தமே இல்லை. தாழ்ப்பாளைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.

வசந்தா கதவையே பார்த்துக்கொண்டு, முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ம், ஊத்துங்கக்கா" என்றாள்.

"ஊத்தி முடிச்சுட்டேன்."

அவள் எழுந்து வந்து ஈரப் பீங்கானைப் பார்த்தாள். காலியான சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு என்னை வெளியே தள்ளிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் வரவில்லை. நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். என்ன செய்தாளோ, எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். படியில் நின்று புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, மதினி வீட்ல எந்துணிப் பெட்டி கெடக்கு. போய் எடுத்துட்டு வந்துருவமா?"

பழனிச்சாமி ஜீப்பில் தாவி ஏறினார். ஏறப்போன வசந்தா நின்று, திரும்பி என்னிடம் வந்தாள்.

"நாங்க வாரதுக்குள்ள நீங்க ஒருவாட்டி போய்ட்டு வாங்கக்கா. போர்மேண்ணே, அக்கா உள்ள இருக்கு, யாரும் ஏறாதீக."

என் முகம் எப்படிப் போனதோ தெரியாது. போர்மேன் ஒன்றும் கேட்காதவர்போல ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஷெட்டின் மறுகோடிக்குப் போனார்.

நான் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நட்டநடுப் பகல், வேலை நேரம்.

வெளியே வந்தபோது, குஜிலியம்பாறை போய் வர அவர்களுக்குச் சாயங்காலம் ஆகிவிடும், வண்டி அதுவரை இங்கேதான் நிற்கும் என்று போர்மேன் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். சற்றுச் சத்தமாகவே சொன்னார். அன்று மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது பானையிலிருந்து சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து, முழுசும் குடித்தேன்.